கதவுக்கு வெளியே பேசக் கூடாது

அந்த விதியை எழுதியவள் நான்தான். வேறு யாராவது எழுதியிருந்தால் வாய் நிறையத் திட்டியிருக்கலாம். அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

லான்செஸ்டனில் எங்கள் குழு பதினைந்து நாளுக்கு ஒரு முறை சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூடும். சமூகக் கூடத்தின் பின்னறை. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஆட்டிசம். உள்ளே போனதும் முதல் வேலை டியூப் லைட்டை அணைப்பது. அது 'ங்ங்' என்று போடும் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்பதில்லையாம், கொடுத்து வைத்தவர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாதபடி நாற்காலிகளைச் சற்றுத் திருப்பிப் போட்டு உட்காருவோம். வெளியாள் எட்டிப் பார்த்தால் ஐந்து பேருக்குள் சண்டை என்று நினைப்பான்.

தலைமை கெய்லீன். அறுபது வயதுப் பெண்மணி. நான் பள்ளிப் பேருந்துகளுக்கு அட்டவணை போடுகிறவள். நான் போட்ட அட்டவணையைத் திட்டிக்கொண்டே பத்து வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். திட்டுவதற்கு என்றே ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி வாதாடினோம். போகும்போது, "நீயும் நம்ம ஆளுன்னுதான் தோணுது, போய் டாக்டரப் பாரு கண்ணு" என்றார். எனக்கு ஆட்டிசம் என்று முப்பத்தெட்டு வயதில் தெரிந்தது இப்படித்தான்.

மற்றவர்களில் கோரின் ஓய்வு பெற்ற நில அளவையாளர். டோபினுக்கு இருபத்தாறு வயது, கோழிப் பண்ணையில் வேலை. ஐந்தாவது ஆள் என் கணவன் லீத். கண்ணாடிக் கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறான். 'சுமார்' என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

மூன்று வருஷம் முன்னால் டோபின் தன் முதலாளியைப் பற்றிக் குழுவில் எதையோ சொல்ல, கோரின் அதை ஒரு வார்த்தை விடாமல் காபிக் கடையில் ஒப்பித்துவிட்டார். கெட்ட எண்ணம் கிடையாது, கேட்டார்கள், சொன்னார். டோபினின் அப்போதைய வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து விதி எழுதினேன். உள்ளே பேசியதைக் கதவுக்கு வெளியே பேசக் கூடாது, உள்ளே இருந்தவர்களோடு கூட. வாயால் சொல்ல முடியாததைப் பெயர் போடாமல் அட்டையில் எழுதினால், அந்த அட்டைக்கு உரியவர் கிடையாது. யாருடையது என்று ஊகிக்கக் கூடாது, என்னுடையது என்று சொல்லவும் கூடாது. விதியை மாற்ற ஐந்து பேரும் கை தூக்க வேண்டும். ஓட்டை இல்லாத விதி என்று அன்று எனக்கு ஏகப் பெருமை.

ஜூலை மாதம் ஹோபார்ட் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி கடிதம் அனுப்பினாள். ஆட்டிசம் உள்ளவர்கள் ஆபாசப் படங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அவை அவர்களுடைய உறவுகளை என்ன செய்திருக்கின்றன என்று எங்கள் வாயாலேயே கேட்க வேண்டுமாம். எங்களைப் பற்றி எங்களிடமே கேட்கிறாளே என்று கெய்லீனுக்குச் சந்தோஷம். வாயால் சொல்ல யாராலும் முடியாது என்பதால் அட்டையில் எழுதுவது என்று முடிவாயிற்று. பெயர் வேண்டாம். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட வேண்டும். கெய்லீன் ஒவ்வொன்றாகப் படிப்பார்.

வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் நாசூக்காக இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். உண்மையை எழுதுங்கள் என்று எங்களிடம் சொன்னால் நாங்கள் உண்மையை எழுதுவோம். அதிலும் பெயரில்லை என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஐந்தே பேர் இருக்கும் அறையில், ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு மனப்பாடமாக இருக்கும்போது, பெயர் இல்லாதது எந்த விதத்தில் பாதுகாப்பு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. விதி எழுதிய மகாராணி எனக்கும்தான்.

முதல் அட்டை: 'இந்தப் படங்கள், நான் சாப்பிடாத பதார்த்தத்துக்கான சமையல் நிகழ்ச்சி மாதிரி. செய்முறை சுவாரசியம். பசி எடுக்கவில்லை. யாரோடும் அப்படிப் பசி எடுத்ததில்லை. அது குறை என்று நாற்பது வருஷம் நினைத்தேன், இப்போது நினைக்கவில்லை.' கோரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது: 'மனிதர்களோடு இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதில்லை. படத்தில் தெரியும். நிறுத்தலாம், சத்தத்தைக் குறைக்கலாம். அதனால் படம் போதும் என்று மூன்று வருஷம் இருந்தேன். ஒரு பெண் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். படம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் போய்விட்டாள்.' டோபின் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தான்.

மூன்றாவதைக் கெய்லீன் எடுத்தார். 'எனக்கு முகம் படிக்க வராது. பதினெட்டு வயதில் யாரும் சொல்லித் தராததால் அந்தப் படங்களைப் பார்த்தேன். பதினோரு மாதம் பார்த்தேன். பெண்ணுக்குப் பிடித்திருந்தால் ஒரு சத்தம் போடுவாள் என்று தெரிந்துகொண்டேன். என் மனைவி அதே சத்தத்தைப் போடுகிறாள். வேறு எந்த விஷயத்திலும் அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இதில் தெரியும். அந்தச் சத்தத்தில் எனக்குக் காது வலிக்கும். ஆனாலும் கேட்க வேண்டும் போல இருக்கும். ஆகவே அந்தப் படங்கள் எனக்கு நல்லதுதான் செய்தன.'

பதினோரு மாதம். லீத்தைத் தவிர வேறு யார் எழுதுவார்கள்?

என் அட்டை டப்பாவுக்குள் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். எடுத்திருக்கலாம். எடுத்தால் அது என்னுடையது என்று சொன்ன மாதிரி ஆகும், விதிப்படி கூடாது. அந்த நேரத்தில் நான் விதியைத்தான் யோசித்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பதற்றத்தில் மற்றவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள். நாங்கள் விதியைப் பிடித்துக்கொள்கிறோம்.

கெய்லீன் நான்காவதைப் படித்தார். 'பத்தொன்பது வயதில் ஒருவன் என்னை மரக்கட்டை என்றான். ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்துச் சத்தம் போடக் கற்றுக்கொண்டேன். டிவியில் வானிலை சொல்லும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட மாதிரிதான். சத்தம் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்ததும் எழுந்து போய்ப் பல் தேய்க்கலாம். பல வருஷமாக இப்படித்தான். களைப்பாக இருக்கிறது.'

கடைசி அட்டை கெய்லீனுடையது. அந்தப் படங்களில் வரும் பெண்கள் எல்லாரும் வேஷம் போடுகிற மாதிரித் தெரிகிறது, வேஷம் போட்டுப் பழகியவளுக்கு அது பார்த்தவுடன் தெரியும், பாவமாக இருக்கும், அதனால் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். நான் பாதிதான் கேட்டேன். லீத் தன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி அவிழ்த்துக் கட்டினான். கூட்டம் முடிகிறவரை நிறுத்தவில்லை.

ஊரில் வேறு எந்தத் தம்பதியாக இருந்தாலும் கார்க் கதவைச் சாத்தும் முன்னே ஆரம்பித்திருப்பார்கள். நாங்கள் பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பாலம் தாண்டும்போது, ஆற்றில் தண்ணீர் வடிந்திருப்பதாக அவன் சொன்னான். ஆமாம், சேறு தெரிகிறது என்றேன்.

அதன்பிறகு பதினான்கு நாள். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். விதியை அவனும் மீறவில்லை, நானும் மீறவில்லை. உலகத்தின் தென்கோடியில் எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம், பள்ளத்தாக்கு முழுக்க விறகுப் புகை. அவன் காலையில் டோஸ்ட்டில் வெஜிமைட் என்கிற கறுப்பு உப்புப் பசையைத் தடவி எனக்கு வைத்துவிட்டுப் போனான், எப்போதும் போல ஓரம் வரைக்கும். நான் சாயங்காலம் பூசணி சூப் வைத்தேன். அவன் பேசாமல் சாப்பிட்டான். முன்பும் பேசாமல்தான் சாப்பிடுவான், ஆனால் அது வேறு.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் வாராந்தர அட்டவணை உண்டு, என் கைங்கரியம்தான். புதன்கிழமைக்கு இரண்டு வேலை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவது பு-1. மற்றது பு-2. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எப்போது என்று தெரியாமல் காத்திருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே நரகம். தேதி போட்டால்தான் நிம்மதி. முதல் புதன்கிழமை அவன் தொட்டியைத் தள்ளிவிட்டு வந்து, பு-2-ஐப் பென்சிலால் அடித்தான். ரப்பர் வைத்து அழிக்கவில்லை, ஒரே ஒரு கோடு. இரண்டாவது புதனும் அப்படியே.

நான் என்ன உணர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வெட்கம் அதிகம். கோபமும் இருந்தது. அவன் விரல் நுனியால் லேசாகத் தடவுவான், படத்தில் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு லேசான தொடுதல் காஞ்சொறிச் செடி பட்ட மாதிரி எரியும். அழுத்திப் பிடித்தால் பிடிக்கும், சும்மா மேலே பாரமாகக் கிடந்தால் அதைவிடப் பிடிக்கும். அதை ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்துவிட்டு, இவனுக்கு ஏன் தெரியவில்லை என்று பன்னிரண்டு வருஷம் அவன் மேல் உள்ளுக்குள் கரித்துக் கொட்டியிருக்கிறேன். முகம் படிக்கத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள் என்று காத்திருந்தேன். என் வாயிலிருந்து அவனுக்குப் போன ஒரே தகவலும் பொய்.

அந்த அட்டையில் அவன் எழுதிய ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. இதில் தெரியும் என்று எழுதியிருந்தானே, அது. அந்த மனுஷனிடம் இருந்த ஒரே நிச்சயம் அதுதான். அதையும் என் அட்டை பிடுங்கிக்கொண்டது.

இரண்டாவது வியாழக்கிழமை எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது, லீத்திடமிருந்து. பக்கத்து அறையில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து அனுப்பியிருந்தான். விதி திருத்தத் தீர்மானம் ஒன்று சனிக்கிழமை முன்வைக்கப்படும் என்று இருந்தது. 'அட்டைக்கு உரியவர் தானே விரும்பினால், அது தன்னுடையது என்று ஒரே ஒருவரிடம் மட்டும், கதவுக்கு வெளியே சொல்லலாம். அந்த ஒருவரும் பதிலுக்குச் சொல்லலாம்.' கீழே, அன்புடன் லீத். 'கிடைத்தது, நன்றி' என்று பதில் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கணினியில் மணி அடித்தது கேட்டது.

சனிக்கிழமை வந்தது. டியூப் லைட்டை அணைத்தோம். லீத் எழுந்து நின்று தீர்மானத்தைப் படித்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது; புரிந்து காது சூடாயிற்று. கோரினுக்கு மட்டும் ஒரு சந்தேகம். கார் நிறுத்துமிடம் கதவுக்கு வெளியேதான் என்றாலும் கூடத்துக்குச் சொந்தமான நிலம், எல்லைக் கல் வேலியோரம் இருக்கிறது, அதை உள் என்று கொள்வதா வெளி என்று கொள்வதா? பத்து நிமிஷம் அதற்குப் போயிற்று. கடைசியில் டோபின், "கோரின், அளந்தது போதும், விடுங்க" என்றான். கார் நிறுத்துமிடம் வெளியே என்று முடிவாயிற்று.

கெய்லீன் வாக்கெடுப்பு என்றார். டோபின் கை தூக்கினான். கோரின், கெய்லீன், லீத். நான்கு கைகள். ஐந்தாவது கை என் மடியில் கிடந்தது.

நான் தூக்காவிட்டால் விதி அப்படியே இருக்கும். அவன் ஒருபோதும் கேட்க மாட்டான், கேட்க அனுமதி இல்லையே. இன்னும் சில புதன்கிழமை கோடு போடுவான், பிறகு ஏதோ ஒரு புதன் போடாமல் விடுவான். நான் சத்தம் போடலாம். பொய் என்று அவனுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பான். பல குடும்பங்கள் அப்படி ஓடுகின்றன, நாங்களும் ஓட்டியிருப்போம், வீடு இருக்கும், டோஸ்ட் இருக்கும். தூக்கினால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாததைப் போல எனக்குப் பயம் தருவது உலகத்தில் வேறெதுவும் இல்லை.

"அவசரம் இல்ல கண்ணு," என்றார் கெய்லீன். "வேணும்னா அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கலாம்."

இன்னொரு பதினான்கு நாள். அதை நினைத்ததும் என் கை மேலே போயிற்று. தைரியம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். களைப்பு.

கூட்டம் முடிந்து காரில் உட்கார்ந்தோம். லீத் சாவியைப் போடவில்லை. இரண்டு பேரும் முன் கண்ணாடி வழியாக வேலியைப் பார்த்தோம்.

"மூணாவது அட்டை என்னோடது," என்றான்.

"நாலாவது என்னோடது."

"எல்லாத் தடவையுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சில தடவை என்று சொல்லலாம் என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். "எல்லாத் தடவையும்," என்றேன்.

அவன் தலையசைத்தான். வலித்ததா என்று கேட்டான். லேசாகத் தொட்டால் எரியும் என்றேன். எங்கே என்று கேட்டான். எல்லா இடத்திலும் என்றேன். அதை அவன் மனதில் குறித்துக்கொள்வது தெரிந்தது. அவன் கேள்விகள் எப்போதும் வரிசையாக வரும், ஒன்று முடிந்து ஒன்று. அடுத்து வந்தது கேள்வி இல்லை.

"நிறுத்துன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன், மெரின். மொத நாளே."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"அந்தப் படத்துல ஒருத்திகூட நிறுத்துன்னு சொன்னதில்ல, லீத். அப்படிச் சொல்லலாம்னே எனக்குத் தெரியல. அப்புறம் தெரிஞ்சுது. அதுக்குள்ள ரொம்ப வருஷம் ஆயிடுச்சு."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். படத்தில் எவனும் கேட்பதுமில்லை, அதனால் தானும் கேட்கவில்லை என்றான். பிறகு அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஏமாற்றினேன் என்று சொல்வான், பொய்க்காரி என்பான் என்று பதினான்கு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"பன்னெண்டு வருஷம் உனக்கு வலிக்க வெச்சிருக்கேன். நல்லாப் பாத்துக்கறேன்னு நெனச்சுக்கிட்டே வலிக்க வெச்சிருக்கேன்."

அவன் அழவில்லை. அவன் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் குரல் தட்டையாகிவிட்டது, ஃபோனில் பதிவு செய்த குரல் மாதிரி. உன் தப்பு இல்லை என்று சொல்லத் தோன்றியது. யாருடைய தப்பு என்று யோசித்தால் என்னுடையது, அவனுடையது, பதினெட்டு வயதில் இவனுக்கும் பத்தொன்பது வயதில் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லித் தராத அத்தனை பேருடையது, காசுக்கு அந்தப் படம் எடுத்தவனுடையது. யோசிக்கவே சோர்வாக இருந்தது. கையை அவன் தொடை மேல் வைத்து அழுத்தினேன். அவனுக்குப் பிடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் நானும் கேட்டதில்லை.

"இனிமே வேண்டாம்," என்றான் அவன். "பு-2 எடுத்துடலாம். நீயா வந்து கேக்கற வரைக்கும் நான் தொடல. கேக்காமலே போனாலும் சரி. அதுக்காக நான் எங்கயும் போக மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பேசும்போது என் காதைப் பார்ப்பதுதான் அவன் வழக்கம், அதிகபட்சம் தாடை. இந்தத் தடவை கண்ணையே பார்த்தான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதே கஷ்டம்தான். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. நெற்றி, கண், வாய் என்று லென்ஸைச் சோதிப்பது போல நிதானமாகப் பார்த்தான்.

"உனக்கு நிம்மதியா இருக்கு," என்றான். "மொகத்துலயே தெரியுது."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் என் முகத்தில் சரியாகப் படித்த முதல் விஷயம். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பழக்கம்.

"ஆமா," என்றேன்.